வெள்ளுடை வேந்தர் சர் பிட்டி தியாகராயர்

சென்னையின் தியாகராய நகருக்குச் சென்று பண்டிகைத் துணிமணி வாங்காத குடும்பங்கள் தமிழகத்தில் குறைவு. அந்நகருக்குப் பெயர் தந்தவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார். அவரது வாழ்வோ பெரும்பகுதி வடசென்னையில், தறியொலிக்கு நடுவே கழிந்தது.

1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் மரபில் அவர் தோன்றினார். மாநிலக் கல்லூரியில் பயின்று 1876இல் பட்டம் பெற்றார். அக்காலத்துப் பட்டதாரிகள் பலரும் அரசுப் பணியை நாட, அவர் குடும்பத் தொழிலையே கைக்கொண்டார். ஏறத்தாழ நூறு கைத்தறிகள் கொண்ட நெசவுச்சாலையை நடத்தி, விசைநாடாத் தறியைப் புகுத்திப் பார்த்தார். தோல் பதனிடுதல், உப்பு முதலிய தொழில்களும் அவர் குடும்பத்திற்கு உண்டு. 1909இல் தோன்றிய தென்னிந்திய வர்த்தக சபையின் நிறுவனர்களுள் ஒருவராகி, அதன் தலைவராக நெடுங்காலம் விளங்கினார். தூய வெள்ளுடையே அவரது அடையாளம். மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்றே அழைத்தனர்.

1882இல் சென்னை நகராண்மைக் கழகத்தில் உறுப்பினரான அவர், சுமார் நாற்பது ஆண்டுகள் அங்குப் பணிபுரிந்தார். 1916இல் டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோருடன் இணைந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினார். அதுவே நீதிக்கட்சி எனப் பெயர் பெற்றது. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது, அமைச்சரவை அமைக்குமாறு ஆளுநர் வெலிங்டன் பிரபு அவரையே அழைத்தார். அவர் அப்பதவியை ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார்.

மாகாண ஆட்சியை மறுத்தவர், நகரப் பணியை விடவில்லை. 1920இல் நகராண்மைக் கழகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரானார். 1933 முதல் மேயர் எனப் பெயர் மாறிய பதவி அதுவே. ஏழைப் பிள்ளைகள் பசியினால் பள்ளிக்கு வாராதிருந்ததைக் கருதி, ஆயிரம் விளக்குப் பகுதி நகராண்மைப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்க 1920 செப்டம்பர் 16இல் மன்றம் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட வரம்பு வகுக்கப்பட்டது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆகாரதானமும் சாத்திரதானமும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன எனலாம்.

ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அரசு இசையவில்லை. 1925 ஏப்ரலில் உணவு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டே தியாகராயரும் மறைந்தார்.

விதை மட்டும் அழியவில்லை. சென்னையில் சில ஆண்டுகளில் அப்பணி மீண்டும் தளிர்த்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுச்சேரிப் பகுதியில் 1930இல் பள்ளி உணவு தொடங்கியது. காமராசர் 1956இல் அதைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக வளர்த்தார்.

ரிப்பன் மாளிகையின் முன் தியாகராயரின் சிலை நிற்கிறது. நண்பகல் மணி ஒலித்ததும் தட்டேந்தி வரிசையில் நிற்கும் சிறார், அவர் பெயரை அறியாமலே அவரை நினைவுகூர்கின்றனர்.