சுப்பிரமணிய சிவா

சுப்பிரமணிய சிவா (அக்டோபர் 4, 1884 - ஜூலை 23, 1925) தமிழக விடுதலைப் போராட்ட வீரர், எழுத்தாளர், இதழாசிரியர் ஆவார். இவர் மதுரை மாவட்டத்தைச் (தற்போதைய திண்டுக்கல் மாவட்டம்) சேர்ந்த வத்தலக்குண்டில் பிறந்தார்.

சிறை வாழ்க்கை

1908 ஆம் ஆண்டு தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தை வ. உ. சிதம்பரனாருடன் இணைந்து ஆதரித்தார். அவ்வாண்டு மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். சிவாவுக்கு விதிக்கப்பட்ட பத்தாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. சிறையில் இவரைத் தொழுநோய் பற்றியது. 1912 நவம்பரில் விடுதலையானார்.

ஞானபாநு

1913 இல் சென்னையில் ஞானபாநு என்னும் மாத இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்த சுப்பிரமணிய பாரதியின் படைப்புகளுக்கு இவ்விதழ் களமாக விளங்கியது. சின்னச் சங்கரன் கதை இதிலேயே வெளிவந்தது. வடமொழிச் சொல் கலவாத தமிழ்க் கட்டுரைக்கு ஐந்து ரூபாய் பரிசும் 1915 இல் அறிவிக்கப்பட்டது. எனினும் இதழ் சில ஆண்டுகளே நீடித்தது. பின்னர் பிரபஞ்சமித்திரன் என்னும் இதழையும் நடத்தினார்.

பாப்பாரப்பட்டி

நோயைக் காரணம் காட்டி, தொடர்வண்டியில் பயணம் செய்ய அரசு இவருக்குத் தடை விதித்தது. அதன் பின்னரும் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் அமைத்தார். அங்கு பாரத மாதா கோயில் எழுப்ப விரும்பினார். 1923 இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

கோயில் எழும்பும் முன்னரே, தமது 40 ஆவது வயதில் சிவா பாப்பாரப்பட்டியில் காலமானார். அங்கு இவருக்கு மணிமண்டபம் உள்ளது. பாரத மாதா நினைவாலயம் 2021 இல் திறக்கப்பட்டது.