ஒற்றை ஆளும் ஓர் ஓட்டைப் படகும்

எழுமலைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான். கடலைப் பார்க்க ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படியிருக்க நம்ம மலரில் ஒரு மாலுமியின் கதை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். ஜோஷுவா ஸ்லோகம் மாலுமி மட்டுமல்ல, உளியும் கையுமாக நின்று தான் குடியிருக்கும் வீட்டைத் தானே செய்துகொண்டவர். அந்த வீடு ஒரு பாய்மரப் படகு. அதில்தான் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றினார். அவருக்கு முன்னால் வேறு யாரும் அப்படிச் சுற்றியதில்லை.

1844 பிப்ரவரி 20-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். அப்பா மீனவர்களுக்கு பூட்ஸ் தைப்பவர். பையன் ஒளித்துவைத்துச் செய்த பொம்மைக் கப்பலை அப்பா உடைத்துப் போட்டார், அடியும் கிடைத்தது. கடைசியில் வீட்டைவிட்டு ஓடி, மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்து, படிப்படியாக கேப்டனானார். 1871-ல் சிட்னியில் வர்ஜீனியாவை மணந்தார். குடித்தனமே கப்பலில்தான். பிள்ளைகளும் கடலிலும் ஊர் ஊரான துறைமுகங்களிலும் பிறந்தன. 1884-ல் வர்ஜீனியா இறந்துபோனார். 1887-ல் சொந்தக் கப்பல் 'அக்விட்னெக்' பிரேசில் கரையில் தரைதட்டி உடைந்தது.

ஊருக்குப் போக வழியில்லை. கூட இரண்டாவது மனைவி ஹெட்டி, இரண்டு மகன்கள். உடைந்த கப்பலில் மிஞ்சியதையும் அங்கே வெட்டிய மரத்தையும் வைத்து 35 அடிப் படகு ஒன்று கட்டினார். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த 1888 மே 13 அன்றே அது நீரில் இறங்கியதால் 'லிபர்டாடே', அதாவது சுதந்திரம், என்று பெயர். அகலம் ஏழரை அடிதான்! நாலு பேர் அதற்குள் ஒடுங்கிக்கொண்டு அமெரிக்கா வரை வந்து சேர்ந்தார்கள். அதன்பிறகு ஹெட்டிக்குக் கடல்பயணமே வேண்டாமென்று ஆகிவிட்டது. அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீராவிக் கப்பல்கள் பெருகிய காலம். பாய்மரக் கப்பல் கேப்டனுக்கு யார் வேலை தருவார்? 1892-ல், 48 வயதில் சும்மா நின்றவருக்கு, ஈபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கில வேட்டைக் கேப்டன் இனாமாக ஒரு படகு தருவதாகச் சொன்னார். மாசச்சூசெட்ஸில் ஃபேர்ஹேவன் என்ற ஊர். போய்ப் பார்த்தால், ஏழு வருஷமாக மேய்ச்சல் நிலத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்திய ஓட்டை 'ஸ்ப்ரே'. பிரித்து விறகாக்க வந்திருக்கிறார் என்றே ஊரார் நினைத்தார்களாம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிக்கணும். பழைய வண்டி வாங்கப் போனால் நாம் பெயிண்டையா பார்க்கிறோம்? ஸ்லோகம் மதித்தது படகின் வடிவத்தை. மரம் மக்கியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், வடிவம் கோணலாக இருந்தால் என்ன செய்வது? பக்கத்திலிருந்த ஓக் மரத்தை வெட்டி ஏரா (அடிக்கட்டை) செய்தார். வங்குக் கட்டைகளை ஆவியில் வேகவைத்து வளைத்தார். ஒன்றரை அங்குல பைன் பலகை அடித்து, இடுக்கெல்லாம் அடைத்தார். பதின்மூன்று மாதம் பிடித்தது. சாமான் செலவு 553 டாலர் 62 சென்ட். ஒரு பலகையை எடுத்து ஒரு பலகை வைத்து முடித்தபோது, பழசில் மிஞ்சியது வடிவமும் பெயரும்தான்.

நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். ஒற்றை ஆள் பாய் இழுக்கிற அளவு. அதேசமயம் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, முன்பக்கம் ஆறுக்கு ஆறில் சமையற்கட்டு. புத்தக அலமாரி வைத்துக் குடியிருக்கலாம். இன்னொரு குணம் தண்ணீரில் இறங்கிய பின்தான் தெரிந்தது. பாய்களைச் சரியாக அமைத்து சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தானே நேராகப் போகும். தேர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் தீவு வரை 2,700 மைல், 23 நாள். அதில் அவர் சுக்கான் பிடித்தது மூன்று மணி நேரம்கூட இல்லை! தூங்கவும் சமைக்கவும் வேண்டிய தனி ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறையும் உண்டு. அடிப்பாரம் சிமெண்டு, அதுவும் உள்ளேதான். ஏராவுக்கு வெளியே ஈயமோ இரும்போ கிடையாது. இப்படி அகன்ற படகு லேசில் சாயாது; ஒருவேளை முழுக்கக் கவிழ்ந்தால் தானாக நிமிராது என்று பின்னால் வந்த நிபுணர்கள் சொன்னார்கள். இவருக்கோ நீச்சலும் தெரியாது.

1895 ஏப்ரல் 24-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பினார். நல்ல கடற்கடிகாரத்தைப் பழுதுபார்க்க 15 டாலர் கேட்டதால் அதைப் போட்டுவிட்டு, ஒரு டாலர் தகரக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். தென் அமெரிக்க முனையில், இரவில் படகில் ஏற வருபவர்களுக்காக மேல்தளமெங்கும் ஆணி பரப்பிவிட்டுத் தூங்கினார். 46,000 மைல் சுற்றி 1898 ஜூன் 27-ல் நியூபோர்ட் திரும்பினார். 1900-ல் வந்த பயணநூல் அவரை உலகறியச் செய்தது.

நம் நாட்டிலிருந்து அப்படித் தனியாகச் சுற்றிவர 2010 ஆயிற்று. திலீப் தோண்டே, கோவாவில் கட்டிய 'மாதேய்' படகில் முடித்தார்.

1902-ல் ஸ்லோகம் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் பண்ணை வாங்கிப் பார்த்தார். கரை ஒட்டவில்லை. குளிர்காலம் வந்தால் ஸ்ப்ரேயில் ஏறித் தெற்கே போய்விடுவார். வயது ஏற ஏறப் பராமரிப்பு குறைந்தது. பலகையும் கயிறும் தளர்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1909 நவம்பரில், 65 வயதில், அதே படகில் தனியாகத் தென் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டார். ஆளும் திரும்பவில்லை, படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. 1924-ல்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.