மாதம் 11.5 பவுண்டு: அம்பேத்கரை கொலம்பியாவுக்கு அனுப்பிய உதவித்தொகையின் கதை

அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவே டாக்டர் பீமராவ் அம்பேத்கரை நாடு பெரிதும் நினைவுகூர்கிறது. அவரை அந்த இடத்துக்கு உயர்த்திய கல்வி, ஒரு மன்னர் வழங்கிய உதவித்தொகையில் தொடங்கியது. அது கடல் கடந்து செல்ல அவருக்கு வழி திறந்தது. ஆனால் படிப்பு முடியும் முன்பே அதன் காலம் தீர்ந்தது. படித்துத் திரும்பியவருக்குத் தங்க ஓர் அறையைக்கூட அதனால் பெற்றுத்தர இயலவில்லை. இந்த அனுபவமே பிற்காலத்தில் ஒடுக்கப்பட்ட மாணவர்களின் அயல்நாட்டுக் கல்வியை அரசின் கடமையாக்க அவரைத் தூண்டியது எனலாம்.

தந்தையின் கடனும் மன்னரின் 25 ரூபாயும்

1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் ராணுவக் குடியிருப்பில் அம்பேத்கர் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மஹர் சமூகத்தைச் சேர்ந்த அந்தக் குடும்பத்தின் 14-வது பிள்ளை அவர். பள்ளியில் கோணித் துண்டில் தனியே அமர்த்தப்பட்ட அந்தச் சிறுவர், தாகம் எடுத்தாலும் தண்ணீர்ப் பானையைத் தொட முடியாத நிலையில் படித்தார். சமஸ்கிருதம் கற்க விரும்பியும் அனுமதி கிடைக்காததால் பாரசீக மொழியைத் தேர்ந்தெடுத்தார்.

ஓய்வுபெற்ற தந்தையின் வருவாய் சொற்பம். ஆயினும் மகன் கேட்ட புத்தகங்களை வாங்கித்தர அவர் கடன் வாங்கவும் தயங்கவில்லை. 1907-ல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றபோது, மும்பையில் பாராட்டுக் கூட்டம் நடைபெற்றது. அப்போது அறிமுகமாகியிருந்த ஆசிரியரும் எழுத்தாளருமான கேலுஸ்கர், பின்னர் அந்த இளைஞரின் நிலையை பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாடின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1906-லேயே தமது சமஸ்தானம் முழுவதும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தவர் சயாஜிராவ். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்க அவர் உத்தரவிட்டார். அதன் துணையுடன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்ற அம்பேத்கர், 1912-ல் பொருளாதாரமும் அரசியலும் பாடங்களாகக் கொண்டு பட்டம் பெற்றார்.

பத்தாண்டுப் பணி என்ற நிபந்தனை

1913 ஜனவரியில் பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தை உடல்நலம் குன்றியிருப்பதாகத் தகவல் வந்தது. விரைந்து மும்பை திரும்பிய அவர் முன்னிலையில், பிப்ரவரி 2 அன்று ராம்ஜி காலமானார். மகனுடைய கல்வியையே தம் வாழ்நாள் இலக்காகக் கொண்டிருந்த தந்தையின் மறைவு அவரைப் பெரிதும் உலுக்கியது.

அந்தச் சூழலில்தான், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை அனுப்ப சயாஜிராவ் எண்ணியிருப்பது தெரியவந்தது. மன்னரைச் சந்தித்து விண்ணப்பித்த அம்பேத்கர் தேர்வு செய்யப்பட்டார். மூன்றாண்டுகளுக்கு மாதம் 11.5 பவுண்டு உதவித்தொகை என முடிவாயிற்று. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் 1913 ஜூன் 4 அன்று அவர் கையெழுத்திட்டார். அப்போது அவருக்கு வயது 22.

ஜூலையில் நியூயார்க் சென்றடைந்தார். உடன் அமர்ந்து உண்ணவும், நூலகத்தில் அருகிருந்து படிக்கவும் எவரும் அங்கு சாதி கேட்கவில்லை. சமமாக நடத்தப்படும் வாழ்வு எத்தகையது என்பதை அவர் முதன்முறையாக அனுபவித்தார். கிடைத்த காலம் குறுகியது என்பதை உணர்ந்து, நாளின் பெரும்பகுதியை நூலகத்திலேயே கழித்தார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11 பாடங்கள் எனத் தொடங்கி சமூகவியல், தத்துவம், மானுடவியல் வரை அவர் பதிவு செய்துகொண்ட பாடங்கள் ஏராளம். தத்துவ அறிஞர் ஜான் டூயி, பொருளாதார அறிஞர் எட்வின் செலிக்மன் ஆகியோர் அவருடைய ஆசிரியர்கள். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, மும்பையில் இருந்த மனைவி ரமாபாய்க்கும் குடும்பத்துக்கும் பணம் அனுப்பினார். எஞ்சியதில் பழைய புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கிக் குவித்தார்.

1915-ல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் குறித்து அவர் வாசித்த ஆய்வுரை, இன்றும் அத்துறையில் முக்கியமாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டு லண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் பயில கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார்.

படிப்பு பாதியில், பரோடாவில் 11 நாட்கள்

1917-ல் உதவித்தொகைக் காலம் முடிவடைந்தது. லண்டன் ஆய்வை நான்கு ஆண்டுகளுக்குள் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு அவர் நாடு திரும்பினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவருடைய புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் டார்பிடோ தாக்குதலில் கடலில் மூழ்கியது.

ஒப்பந்தப்படி செப்டம்பரில் பரோடா சென்றார். உயர் பதவி காத்திருந்தது, தங்குமிடம் இல்லை. இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்பதால், பார்சி பெயரைப் பதிவு செய்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராவது நாள், உண்மையை அறிந்த ஒரு கூட்டம் தடிகளுடன் வந்து அவரை வெளியேறச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் அடைக்கலம் கேட்டும் பயனில்லை. காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் மும்பை புறப்பட்டார். கொலம்பியாவில் கற்றவர் என்ற தகுதி, பிறப்பின் அடையாளத்தின் முன் அன்று செல்லுபடியாகவில்லை. அவர் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் இந்நிகழ்வை விரிவாகப் பதிவு செய்துள்ளார். அந்தப் பூங்கா இன்று சயாஜி பாக் என அழைக்கப்படுகிறது.

ஆயினும் லண்டன் படிப்பை அவர் கைவிடவில்லை. 1918-ல் மும்பை சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, கொலம்பியாவில் உடன் பயின்ற பார்சி நண்பர் நவல் பத்தேனா கொடுத்த 5,000 ரூபாய் கடன் ஆகியவற்றுடன் 1920-ல் மீண்டும் லண்டன் சென்றார். 1921-ல் முதுகலை, 1922-ல் பாரிஸ்டர், 1923-ல் ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்கு டி.எஸ்சி. என அடுத்தடுத்துப் பட்டங்கள் பெற்றார். கொலம்பியா 1927-ல் முனைவர் பட்டத்தை முறைப்படி வழங்கியது. மாகாண நிதி குறித்த அந்த ஆய்வு நூலை, தமது கல்விக்கு உதவிய சயாஜிராவுக்கே நன்றியுடன் காணிக்கையாக்கினார். பரோடாவில் பட்ட அவமதிப்புக்கு இடையிலும் அந்த நன்றியை அவர் மறக்கவில்லை.

கொடையிலிருந்து உரிமைக்கு

ஒரு மன்னரின் பரந்த மனத்தால் ஒரு மாணவர் உயரலாம். ஒரு சமூகம் முழுவதும் அவ்வாறு காத்திருக்க இயலாது. 1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கர், அதே ஆண்டு அக்டோபரில் பட்டியலின மக்களின் குறைகள் குறித்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் விரிவான மனு அளித்தார். உயர்கல்விக்கும் அயல்நாட்டுப் படிப்புக்கும் அரசே நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அதன் தொடர்ச்சியாக, பட்டியலின மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1944-ல் நடைமுறைக்கு வந்தது. 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தையும், அதன் சார்பில் 1946-ல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியையும் தொடங்கினார்.

1952-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டியலின மாணவர்கள் உள்ளிட்டோர் வெளிநாடுகளில் உயர்கல்வி பயில்வதற்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தை 1954-55-ல் மத்திய அரசு தொடங்கியது. அதற்குப் பின் 1956 டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானக் கட்டணம் ஆகியவற்றை ஏற்கும் அந்தத் திட்டம் இன்றும் தொடர்கிறது. மன்னரை நேரில் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தவருக்கு மட்டுமே அன்று திறந்த கதவு அது. இன்று தகுதியுள்ள எந்த மாணவரும் விண்ணப்பித்து அதைத் தட்டலாம்.