சிதம்பரனாரும் அவர் மனமும்

நம் மைசூரிலிருந்து இரண்டு மலைவழிகள் இறங்குகின்றன. ஒன்று சாமராசநகரம், திம்பம், சத்தியமங்கலம் வழியாகக் கோயம்புத்தூருக்குச் செல்வது. மற்றொன்று உன்சூர், விராசப்பேட்டை, இரிட்டி வழியாகக் கண்ணனூர்க் கடற்கரைக்குச் செல்வது. விடுமுறைக் காலங்களில் குழந்தைகளுடன் இவ்வழிகளில் நாம் பலமுறை போய்வந்திருக்கிறோம். இவை சென்று சேரும் இரு நகரங்களிலும் சிறைச்சாலைகள் உள்ளன. அவ்விரு சிறைகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டுக் கிடந்த தமிழர் ஒருவர் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

அவர் வ. உ. சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழன் என்னும் பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. 1961ஆம் ஆண்டில் அப்பெயரில் வந்த திரைப்படத்தைக் கண்டு கண்ணீர் விட்ட பெரியோர் நம் குடும்பங்களில் பலர். அதனை இயக்கிய பி. ஆர். பந்துலு அந்நாளைய மைசூர்ச் சமஸ்தானத்துக் கோலார்ச் சீமையில் பிறந்தவர் என்பது நமக்குத் தனி உவகை தருவது. ஆயினும், கப்பலைப் பற்றி நாம் அறிந்த அளவுக்கு, கப்பல் போன பின்பு அப்பெரியார் தம் மனத்தோடு நடத்திய நீண்ட வழக்கைப் பற்றி அறியோம். நம் சங்கத்தாருள் கடை வைத்திருப்போர் பலர். சிறுதொழில் நடத்துவோர் பலர். இரவில் கடையைச் சாத்திவிட்டுக் கல்லாவை எண்ணும் வேளையில், ஊரை விட்டு வந்திருக்க வேண்டாமோ, இத்தொழிலுக்கு நாம் தகுதி உடையவர்தாமோ என்று மனம் தனக்குத்தானே பேசத் தொடங்குவதை அறியாதவர் அவர்களுள் இருக்க முடியாது. அவர்களுக்குக் கப்பலைக் காட்டிலும் அவ்வழக்கே நெருங்கிய செய்தி எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். அன்னையார் பரமாயி அம்மையார். மகனும் சட்டம் பயின்று 1895இல் அத்தொழிலில் இறங்கினார். எளியோர் பக்கம் நின்று வாதாடிப் பெயர் பெற்றார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தொழில் நன்கு நடந்தது. அவ்வாறே இருந்திருப்பின் செல்வராகவும் ஊர்ப் பெரியவராகவும் வாழ்ந்து முடிந்திருப்பார்.

1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகிய இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்தார். அவர் சொன்ன சொல் சுதேசிய எண்ணத்துக்கு வித்தாயிற்று எனச் சிதம்பரனாரே தம் சுயசரிதையில் நினைவுகூர்கின்றார். அதன் பின்னர்த் தருமசங்க நெசவுச்சாலை, தேசியப் பண்டகசாலை என ஒன்றன்பின் ஒன்றாகத் தூத்துக்குடியில் தோன்றின. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் அளித்தார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். இத்துணைப் பெரிய செயலில் இறங்கியவர்க்குக் கடல் வாணிகத்தில் முன்பழக்கம் இல்லை. அவர் கற்றது சட்டம். எதிர்த்து நின்றதோ தூத்துக்குடி கொழும்புக் கடல்வழியைத் தன் கைக்குள் வைத்திருந்த ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி. தொடக்கத்தில் பம்பாயிலுள்ள ஷா கம்பெனியாரிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிரிகளின் நெருக்குதலால் அக்கம்பெனியார் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அலுவலகம் இருந்தது, பங்குதாரர்கள் இருந்தார்கள், கப்பல் இல்லை. கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துவந்து நிலைமையை ஒருவாறு தாங்கினார். பின்னர்ச் சொந்தக் கப்பல் வாங்கவென வடக்கே புறப்பட்டார். அவ்வேளையில் வீட்டில் மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார் என்பர். கப்பலோடு திரும்புவது, இல்லையேல் கடலில் வீழ்ந்து மாய்வது எனச் சூளுரைத்துச் சென்றதாகவும் கூறுவர்.

இச்சூளுரையை நாம் வீரத்தின் அடையாளமாக மட்டும் போற்றி வந்திருக்கிறோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஐயமே இல்லாதவன் சூளுரைக்க வேண்டுவதில்லை. உள்ளே ஒரு குரல் முடியாது என்று முணுமுணுக்கும்போதுதான் மனிதன் அதைவிட உரத்த குரலில் தன்னிடமே பேசி அதன் வாயை அடைக்கிறான். புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் பலர் பேசுவது இம்மொழியே. அது பல வேளைகளில் வேலை செய்கிறது, சிதம்பரனார்க்கும் செய்தது. 1907இல் காலியோ, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியோ ஏறத்தாழ 1,300 பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றவல்லது. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயினர். இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் பரிசளித்தனர் என்பது இன்றும் வழங்கும் செய்தி. சுதேசிக் கம்பெனி அதனையும் தாங்கி நின்றது.

உரத்த குரலால் அடக்க முடியாத நாள் அடுத்த ஆண்டு வந்தது. 1908 பிப்ரவரித் திங்கள் இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைச் சுப்பிரமணிய சிவாவுடன் முன்னின்று நடத்தினார். மார்ச் 12ஆம் நாள் கைதானார். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததாயினும் நாலரை ஆண்டுகள் சிறையில் கழிந்தன. கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் கிழித்துக் கைத்தோல் உரிந்தது. பின்பு மாட்டுக்கு மாற்றாகச் செக்கில் பூட்டப்பட்டார். வெளியே, தலைவனை இழந்த கம்பெனி தள்ளாடிற்று. 1911இல் அது கலைக்கப்பட்டது, கப்பல்கள் கைமாறின. தாம் உண்டாக்கிய தொழில் மூழ்குவதைச் சிறைக்கம்பிக்கு உள்ளிருந்து கேட்பதன்றி அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

இந்நிலையில் அவர் செய்த செயல்தான் வியப்புக்குரியது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆலன் என்றொருவர் இருந்தார். 1864இல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தையார் அங்குச் சென்றவுடனே கொலையுண்டதால், பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனவர். 1903இல் அவர் எழுதிய சிறுநூலொன்று, மனிதன் தன்னுள்ளே எண்ணுவது எதுவோ அதுவே அவன் வாழ்வாகிறது என்னும் கொள்கையை விரிப்பது. செக்கிழுத்த கைகள் அந்நூலைத் தமிழில் பெயர்த்தன. மனம்போல வாழ்வு என்னும் பெயரில் 1909இல் அது வெளிவந்தது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும், எழவும் வேண்டும். வாழ்வு மனம்போல அமையுமாயின், சிதம்பரனாரின் கப்பல் ஏன் போயிற்று? அவர் மனத்தில் குறையா? அல்லவே. கம்பெனியைக் கெடுத்தது வெள்ளை அரசாங்கமும் அதன் துணைபெற்ற போட்டியாளரும் ஆவர். அவர் சிறை மீண்ட அதே 1912ஆம் ஆண்டில்தான் விசுவேசுவரய்யா நம் மைசூரின் திவானானார். 1913இல் மைசூர் வங்கி எழுந்தது. சில ஆண்டுகளில் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையும் சவுக்காரத் தொழிலும் எழுந்தன. இங்கே அரசே தொழிலுக்கு முதலிட்டது. அங்கே அரசே தொழிலை முறித்தது. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு, நினைத்தால் போதும், செல்வம் வந்து குவியும் என்று கூறுவது தோற்றவனை இருமுறை அடிப்பதாகும். ஆலனின் நூலை அவ்வாறு வணிகருக்கு விற்போர் இன்றும் உளர்.

சிதம்பரனார் அந்நூலை அவ்வாறு படித்திருக்க இயலாது. அவர் திருக்குறளில் ஊறியவர். குறளில் ஊழும் உண்டு. ஊக்கமுடைமையும் ஆள்வினையுடைமையும் உண்டு. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. தம் நிலையில் எது தம் ஆட்சிக்கு உட்பட்டது, எது உட்படாதது என்று வழக்கறிஞர்க்கு உரிய முறையில் அவர் பிரித்துப் பார்த்தார் என்று கொள்வதே பொருந்தும். இதற்குச் சான்று கண்ணனூர்ச் சிறையில் அவரே இயற்றிய மெய்யறிவு என்னும் நூல். பத்து அதிகாரம், நூறு வெண்பா. உடனிருந்த கைதிகளுக்கு நல்லறிவு புகட்டும்பொருட்டு எழுந்தது அது. முதல் அதிகாரம் தன்னை அறிதல். அடுத்தது விதியின் இயலை அறிதல். அதற்கடுத்தது உடம்பை வளர்த்தல். அதன் பின்னரே மனத்தை ஆளுதல். இந்த வரிசையைச் சற்று நின்று நோக்குக. சிறைச்சோறு உண்டு, உடல் வதைபட்ட ஒருவர், மனத்துக்கு முன்னே உடம்பை வைக்கின்றார். (கணக்கு நேராகும்வரை உணவைத் தள்ளிப்போடும் நம் கடைக்காரர்கள் இதனைக் கவனிப்பார்களாக.) சூளுரைத்துக் கப்பல் வாங்கப் போனவர் தம் ஐயத்தின் வாயை அடைத்தார். சிறையிலிருந்த சிதம்பரனாரோ அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அமைதியாக விசாரித்தார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கப் பெருங்கூட்டம் எதுவும் வாயிலில் இல்லை. வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் குடியேறி அரிசி விற்றார். மண்ணெண்ணெயும் விற்றார் என்பர். கடை செழிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய தமிழர்கள் அவருக்கெனத் திரட்டிய நிதி காந்தியடிகளிடம் இருந்தது. 1915 முதல் பல கடிதங்கள் எழுதிய பின்னரே அதிலிருந்து ஒரு தொகை அவர் கைக்கு வந்தது. கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவரை மறவாதிருந்தார்கள் என்பது, வெளியூர்த் தமிழராகிய நமக்கு இனிக்கும் செய்தி.

வறுமை மிகுந்த அந்த ஆண்டுகளே அவருடைய நூல்கள் மிகுந்த ஆண்டுகள். 1914இல் மெய்யறமும், ஆலனின் மற்றொரு நூலைத் தழுவிய அகமே புறமும். 1915இல் மெய்யறிவும் பாடற்றிரட்டும். 1916இல் மீண்டும் ஆலன், வலிமைக்கு மார்க்கம். 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரைப் பதிப்பு. நாட்டின் கடல்வழியில் கப்பல் விட்டவர், தாமே எழுதிய சிறுநூல்களைத் தாமே விற்கும் வணிகரானார். சறுக்கிய இடத்திலிருந்து மேலே ஏறினார் என்று சொல்ல மாட்டேன், அவர் ஏறவில்லை. பணவகையில் அவர் பழைய நிலையை மீண்டும் எட்டவே இல்லை. ஆனால் நின்ற படியில் வேலை நிற்கவில்லை.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைத்தது. அந்நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். வெள்ளையராட்சி தம்மைச் செக்கில் பூட்டியதையும், வெள்ளையர் ஒருவர் தமக்கு உதவியதையும் ஒரே நெஞ்சில் தனித்தனியே வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது. கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்காடினார். 1932இல் தூத்துக்குடிக்கே மீண்டார். அதே கடற்கரை, தம் கம்பெனியின் கப்பல் இல்லாத கடல்.

அங்கிருந்தபோது, 1934இல், மூன்றாம் முறையாக மட்டுமன்றி நான்காம் முறையாகவும் அவர் ஆலனிடம் திரும்பினார். அவ்வாண்டு வெளிவந்தது சாந்திக்கு மார்க்கம். முதல் நூல் வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆலனோ 1912இலேயே மறைந்துவிட்டார். இடையில் சிதம்பரனார் கம்பெனியை இழந்தார், தொழிலை இழந்தார், அரசியலில் தமக்கிருந்த இடத்தையும் பெரும்பாலும் இழந்தார். மனம்போல வாழ்வு என்று எழுதியது பொய்த்ததென்று கருதியிருந்தால், அறுபத்திரண்டு வயதில் மீண்டும் அவ்வாசிரியரை எடுத்திருப்பாரா? ஒருமுறை கேட்டு முடிந்துவிட்ட வழக்கு அன்று அது. மனம் பழைய கேள்வியைக் கேட்குந்தோறும் அவரும் பழைய ஏட்டைப் புரட்டினார்.

1936ஆம் ஆண்டு நோய் முற்றியபோது உயில் ஒன்று எழுதுவித்தார். வைத்துப்போகும் செல்வம் பெரிதாக ஒன்றும் இல்லை. துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் தரவேண்டிய சில்லறைப் பாக்கிகளை மறவாமல் அதில் குறித்துவைத்தார். நவம்பர் 18ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லப்பெற்று, அங்கே உயிர் துறந்தார்.