ஊட்டியில் கல் வீடு கட்டிய கலெக்டர்



கோடை விடுமுறையில் ஊட்டி ஏரியில் படகுச் சவாரி செய்திருக்கிறீர்களா? அந்த ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. மலை ஓடைகளுக்குக் குறுக்கே அணை போட்டு உருவாக்கியது. அதை அமைத்தவர் ஜான் சல்லிவன் என்ற ஆங்கிலேயர். அவர் கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

சல்லிவன் 1788ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் உங்கள் அண்ணன் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்து, கப்பலேறி சென்னைக்கு வந்துவிட்டார். பின்னர் கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார். அப்போது நீலகிரி மலையும் அவர் ஆட்சிக்கு உட்பட்டதுதான். 1819ஆம் ஆண்டு அவர் அந்த மலைமீது ஏறினார். குளிர்ந்த காற்றும் பச்சைப் புல்வெளியும் அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டன. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை போட ஏற்பாடு செய்தார். கோத்தகிரிக்கு அருகே கண்ணேரிமுக்கில் முதல் வீட்டைக் கட்டினார்.

அதற்கு முன் மலையில் வீடுகளே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன! தோடர்கள் மூங்கில், பிரம்பு, புல் கொண்டு அரைப் பீப்பாய் வடிவில் வீடு கட்டினார்கள். அதன் வாசல் மிகச் சிறியது. தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். ஏன் தெரியுமா? குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வராமல் இருக்கத்தான். படகர்களின் ஊர்களில் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்றன.

1822ஆம் ஆண்டு சல்லிவன் ஊட்டியில் கல் வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். படகர்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். அதன்பின் ஊட்டியில் பங்களாக்கள் பெருகின. கண்ணாடி ஜன்னல், குளிர்காயக் கணப்பு அடுப்பு, கூரைமேல் புகைபோக்கி, வாசலில் பூந்தோட்டம் என்று மலையின் தோற்றமே மாறியது. சல்லிவன் ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் இங்கே பயிரிட வைத்தார். 1823 முதல் 1825 வரை ஏரி வேலை நடந்தது.

இனிதான் முக்கியமான செய்தி. இவையெல்லாம் யாருடைய நிலத்தில் எழுந்தன? தோடர்கள் எருமை மேய்த்த நிலத்தில்! ஊட்டக்கமந்து என்ற பழைய பெயரில் வரும் 'மந்து' என்பதே தோடர் குடியிருப்பைக் குறிக்கும் சொல். சல்லிவன் ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து நிலம் வாங்கினார் என்பார்கள். அது மிகக் குறைந்த விலைதான். ஆனாலும் நிலம் தோடர்களுக்கே உரியது, விலை கொடுக்காமல் எடுக்கக் கூடாது என்று அவர் தம் மேலதிகாரிகளிடமே வாதாடினார். அவர்கள் அதை ஏற்கவில்லை. வீடுகளும் தோட்டங்களும் பெருகப் பெருக, எருமைகள் மேய்ந்த இடம் சுருங்கியது.

சல்லிவனுக்கும் இந்த மலை துக்கத்தைத் தந்தது. 1838ஆம் ஆண்டு அவருடைய மனைவியும் மகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அவர்கள் கல்லறை இருக்கிறது. 1841ஆம் ஆண்டு சல்லிவன் இந்தியாவை விட்டுப் போனார். 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலமானார்.

கல் பங்களா இன்றும் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கண்ணேரிமுக்கு வீடு அவர் நினைவகமாக இருக்கிறது. ஏரியோ முன்பு இருந்த அளவு இல்லை. அதன் ஒரு பகுதியில்தான் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் வந்துவிட்டன.

குழந்தைகளே, அடுத்த முறை ஊட்டிக்குப் போனால் கல் பங்களாவைப் பாருங்கள். அப்படியே ஒரு தோடர் வீட்டையும் பார்த்து வாருங்கள். அழகான எதையும் பார்க்கும்போது, கட்டியவர் யார் என்று கேட்பதோடு, அதற்கு முன் அங்கே வாழ்ந்தவர் யார் என்றும் கேளுங்கள். சல்லிவன் கேட்ட கேள்வியும் அதுதானே!