மூன்று சக்கரம் செய்த சார்லஸ் ஃபே

என் உறவில் ஒரு பையன், கல்லூரி விடுதிக் கட்டணத்தைக் கைபேசி ஸ்லாட் விளையாட்டில் தொலைத்துவிட்டான். திட்டி முடித்த பிறகு அவன் ஒரு கணக்குச் சொன்னான். அந்த விளையாட்டில் திரும்பக் கிடைப்பது 95 சதவீதம் என்று போட்டிருந்ததாம். நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்தானே மாமா நஷ்டம் என்று நினைத்தேன் என்றான். முப்பத்தைந்து வருடம் வங்கியில் வட்டி போட்டவனுக்கு இது உறுத்தியது. அதனால்தான் இந்த இதழில் சார்லஸ் ஃபே பற்றி எழுதுகிறேன்.

ஃபே 1862ல் ஜெர்மனியில், பவேரியாவைச் சேர்ந்த வோரிங்கன் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி பிரான்ஸ், லண்டன் என்று இயந்திர வேலை பார்த்து, 1880களில் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். நடுவில் காசநோய் வந்து பிழைத்தார். வேலை எல்லாம் நுணுக்கமான கருவிகளில்.

அப்போது அங்கே மதுக்கடைகளில் சீட்டுக்கட்டு இயந்திரங்கள் இருந்தன. காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் ஐந்து சீட்டு தெரியும். நல்ல சேர்க்கை விழுந்தால் கடைக்காரர் சுருட்டோ பானமோ கொடுப்பார். இயந்திரம் தானே பணம் கொடுக்காது. ஐந்து சீட்டில் வரும் சேர்க்கைகள் ஏராளம், அத்தனைக்கும் காசு எண்ணித் தள்ளும் பொறியமைப்பு எளிதல்ல.

ஃபே அதைச் சுருக்கினார். 1890களில் அவர் செய்த ‘லிபர்ட்டி பெல்’லில் மூன்றே சக்கரம். இவைதான் ரீல். குதிரை லாடம், டைமன், ஸ்பேடு, ஹார்ட், விரிசல் விட்ட மணி என்று ஐந்து படங்கள். நிற்கும்போது நேராகப் படிக்கும் வரிசை பேலைன். அவரிடம் அது ஒன்றுதான், இன்றைய திரையில் இருபது, முப்பது கூட உண்டு. மூன்று மணி விழுந்தால் அரை டாலர், அதாவது ஐந்து சென்ட் காசு பத்து. அதுதான் அதிகபட்சப் பரிசு, இன்று ஜாக்பாட் என்கிறோம்.

ஒரு சக்கரத்தில் பத்து இடம், அதில் மணி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 × 10 × 10, ஆயிரம் சேர்க்கை. மூன்று மணி ஆயிரத்தில் ஒரு தடவை. ஆயிரம் தடவைக்கு உள்ளே போவது 50 டாலர், அந்த ஒரு தடவைக்கு வெளியே வருவது அரை டாலர். மற்ற சின்னப் பரிசுகளைச் சேர்த்தாலும் மிச்சம் கல்லாவில் நிற்கும்படிதான் படங்களை ஒட்டுவார்கள். போட்டதில் திரும்புவது ஆர்.டி.பி., நிற்பது ஹவுஸ் எட்ஜ். இன்று சக்கரத்துக்குப் பதில் ஆர்.என்.ஜி. என்ற மென்பொருள் எண்ணைப் பொறுக்குகிறது. போன சுற்று அதற்கு ஞாபகம் இராது. ரொம்ப நேரமாக விழவில்லை, இனி விழும் என்பது வீண் நம்பிக்கை.

பையனின் தவறு எங்கே? 95 சதவீதம் என்பது ஒவ்வொரு சுற்றுக்கும். அதுவும் சராசரி. திரும்பி வந்ததையே மறுபடி போட்டால் 100, 95, 90.25 என்று இறங்கும். பதினான்காவது சுற்றில் பாதிக்கும் கீழே. கூட்டு வட்டிதான், திசை மட்டும் மாறிவிட்டது. கைபேசியில் பதினான்கு சுற்றுக்கு ஒரு நிமிஷம் போதும்.

ஃபே இயந்திரங்களை விற்கவில்லை. கடைகளில் வைத்து லாபத்தில் பாதிக்குப் பாதி பங்கு வாங்கினார். கள்ளக் காசைக் கண்டுபிடிக்க ஊசி ஒன்றும் பொருத்தினார் என்று படித்தபோது, கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனால் லிபர்ட்டி பெல்லுக்கு அவரிடம் காப்புரிமை இல்லை. 1905ல் ஒரு கடையிலிருந்து அவர் இயந்திரம் ஒன்று திருட்டுப் போனதாகச் சொல்வார்கள். 1907ல் சிகாகோவில் மில்ஸ் நிறுவனம் அதே மாதிரி செய்து நாடு முழுக்க விற்றது. இடையில் 1906 பூகம்பமும் தீயும் மார்க்கெட் தெருவில் இருந்த அவர் பட்டறையை அழித்தன.

1909ல் சான் பிரான்சிஸ்கோ இந்த இயந்திரங்களைத் தடை செய்தது. தடைகளைத் தாண்ட, சூதாட்டம் இல்லை, சூயிங் கம் விற்கிறோம் என்று சில கம்பெனிகள் இயந்திரம் செய்தன. செர்ரி, எலுமிச்சைப் படங்கள் அந்தக் கம் சுவைகளிலிருந்து வந்தவை. ‘பார்’ என்ற கறுப்புப் பட்டையும் ஒரு கம் லேபிள்தான். பக்கவாட்டுக் கைப்பிடியால் வந்த பட்டப்பெயர் ‘ஒற்றைக் கைக் கொள்ளைக்காரன்’. அமெரிக்கர்களே வைத்தது.

ஃபே 1944ல் காலமானார். அவர் பேரன்கள் நெவாடாவில் ரீனோ நகரில் லிபர்ட்டி பெல் பெயரிலேயே உணவகம் நடத்தி, தாத்தாவின் இயந்திரத்தை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். 2006ல் அது மூடப்பட்டது. பையன் இப்போது பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான், இன்னும் இரண்டு தவணை பாக்கி.