ஒளிந்து படித்தவர் தெருவைத் திறந்தார்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் 1859-ல் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் அவருடன் படித்த சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். ஊரையும் உறவையும் விசாரித்துச் சாதியைக் கண்டுபிடித்தால் இழிவாக நடத்துவார்களே என்று அவர் யாரோடும் பழகவில்லை, விளையாடவும் போகவில்லை. வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் நெருங்குவதற்குள் வேகமாக வீடு திரும்பிவிடுவார்.

எந்தத் தவறும் செய்யாத பிள்ளை ஒளிந்து படிக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட கசப்பு, பட்டவரையே வெறுக்க வைக்கும். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்கப் பகையையே நினைக்க வைக்கும். சீனிவாசன் இரண்டிலும் சிக்கவில்லை.

1893 அக்டோபரில் சென்னையில் பத்திரிகை தொடங்கி, அதற்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். மாணவனாக எதை மறைத்தாரோ, அதையே முகப்பில் அச்சடித்தார். தன்னை இன்னார் என்று சொல்லக் கூசுகிறவன் உரிமை கேட்க முடியாது என்பது அவர் எண்ணம். பத்திரிகை 1900 வரை வந்தது. பின்பு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, 1921-ல் திரும்பினார்.

சென்னை மாகாண சட்டசபை உறுப்பினராகி, 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாருக்கும் தடை கூடாது என்றது அது, நிறைவேறவும் செய்தது. ஒதுக்கியவர்களைப் பதிலுக்கு ஒதுக்கும்படி அவர் கேட்கவில்லை. எல்லாருக்கும் வழி திறக்கவே கேட்டார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அம்பேத்கருடன் அமர்ந்து சம உரிமைக்கே வாதாடினார்.

நடந்ததை அவர் மறந்துவிடவில்லை. சுமார் 80 வயதில், 1939-ல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் அந்தக் கோவை நாட்களை மறைக்காமல் எழுதினார். 1945 செப்டம்பர் 18-ல் மறைந்தார்.

ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இறங்கிப் படிக்கப் போகும் பிள்ளைகளும், அடிவாரத்துக் காலனிப் பிள்ளைகளும் எந்த ஊர் என்ற கேள்விக்கு இன்னும் தயங்குவதுண்டு. யாராவது இழிவாகப் பேசினால் வீட்டில் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். புகார் கொடுக்க 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கசப்பை விடுவது என்றால் நியாயத்தை விட்டுக்கொடுப்பது அல்ல. இழிவுபடுத்தியவரை மனதில் சுமந்துகொண்டு படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.